இருட்டு பழகவே பத்து நிமிடம் ஆகிறதே, இது மாலைக்கண்ணா?

கேள்வி: எனக்கு வயது 52. வெயிலிலிருந்து இருட்டறைக்குள் போனால் பத்து நிமிடம் தடவித் தடவித்தான் நடக்கிறேன். மகனோ சட்டென்று நடமாடுகிறான். இது மாலைக்கண்ணா? வைட்டமின் ஏ மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பத்து நிமிடத்தை மட்டும் வைத்து மாலைக்கண் என்று சொல்லிவிட முடியாது. நல்ல கண்ணே இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வயது கூடினால் இன்னும் தாமதமாகும். மகனோடு போட்டி வேண்டாம்.

மங்கலான வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றில் ரோடாப்சின் என்ற புரதம் இருக்கிறது. அதற்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினால் வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் ரெட்டினால் நிமிர்கிறது, ரோடாப்சின் விழித்துக்கொள்கிறது. ஒரே ஒரு ஒளித்துகள் பட்டாலும் குச்சி செல் அதை உணர்ந்துவிடும்.

விழித்ததை அடக்குவதுதான் பெரிய வேலை. முதலில் ஒரு நொதி ரோடாப்சினின் வால் பகுதியில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. பிறகு அரெஸ்டின் என்ற புரதம் வந்து மேலே கவிந்து வாயை அடைத்துவிடுகிறது. இந்த நொதிக்கும் ஒரு காவலாள் உண்டு, பெயர் ரிகவரின். இருட்டில் செல்லுக்குள் கால்சியம் அதிகம்; அப்போது ரிகவரின் நொதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் கால்சியம் குறைய, பிடி தளர்ந்து ரோடாப்சின் சீக்கிரம் அடங்கும்.

நொதியோ அரெஸ்டினோ மரபிலேயே பழுதானால் வருவது ஓகுச்சி நோய். மிக அரிது, 1907-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. இவர்களின் விழித்திரை பொன்முலாம் பூசியது போல மின்னும். சில மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டுப் பார்த்தால் அந்த மினுக்கம் காணாமல் போயிருக்கும், இரவுப் பார்வையும் திரும்பியிருக்கும்! பாடத்தில் படித்த நாளிலிருந்து எனக்கு இது அலுக்கவே இல்லை.

உங்கள் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. நிமிர்ந்த ரெட்டினால் பக்கத்து நிறமி அடுக்குக்குப் போய், அங்கே மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்ப வேண்டும். வெயிலில் ஏராளமான ரோடாப்சின் ரெட்டினாலை இழந்து வெளுத்துப்போவதால் இந்தப் போக்குவரத்துக்கு நிமிடக்கணக்கில் ஆகிறது.

மாத்திரை விஷயம்: வைட்டமின் ஏ பற்றாக்குறை இருந்தால் மட்டுமே பயன். இல்லாதவர் அள்ளிப் போட்டால் கல்லீரல் கெடும். கர்ப்பிணிகள் அளவுக்கு மீறி எடுத்தால் கருவுக்கே ஆபத்து. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இருட்டில் தடுமாற்றம் மாதாமாதம் கூடுகிறதா? பக்கவாட்டில் இருப்பது தெரியாமல் இடித்துக்கொள்கிறீர்களா? குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே பார்வை போயிருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்; கண்புரையும் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். இரவில் எழுந்து நடக்க மங்கலான சிவப்பு விளக்கு வையுங்கள். சிவப்பு ஒளியை ரோடாப்சின் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. பழகிய இருட்டும் கலையாது.