மூன்றாவது தடவையும் அலைன்மென்ற் செய்யலாமா?

கேள்வி: ஐயா, என்னுடைய வகன் ஆர் கார் இடப்பக்கம் இழுக்கிறது. முன் இடது ரயரின் உட்பக்கம் மொட்டையாகிவிட்டது. ஐந்து மாதத்துக்குள் இரண்டு தடவை வீல் அலைன்மென்ற் செய்தேன். இரண்டு கிழமை நன்றாக ஓடும், பிறகு பழையபடிதான். வேறு கடையில் செய்து பார்க்கவா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: வேண்டாம். கடையை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. அலைன்மென்ற் மெசின் அளப்பது நிற்கிற காரின் சில்லுக் கோணங்களை. மூட்டில் ஆட்டம் இருந்தாலும் மெசின் தருகிற தாளில் எல்லாம் 'சரி' என்று பச்சையாக விழும். ஒழுங்கைப் பள்ளம் இரண்டில் இறங்கி ஏறியதும் சில்லு தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும்.

முதலில் காற்று. சாரதிக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் அளவுக்கு, ரயர் சூடாகுமுன் அடியுங்கள். டிக்கியில் நெல் மூட்டை கிடந்தால் இறக்கிவிடுங்கள்.

அடுத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி ஸ்ராண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். சில்லின் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் டக் டக் என்கிறதா? ஸ்ரியரிங் றக்கில், அல்லது அதைச் சில்லோடு இணைக்கும் தண்டான ரை றொட்டில் குறை. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் சில்லு சுழலும் பெயரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ற் என்கிற உருண்டை மூட்டு. சில்லைக் காரின் உடலோடு கீழே இணைக்கும் லோவர் ஆமின் புஷ் ரப்பரை ரோர்ச் அடித்துப் பாருங்கள். இலங்கையில் 2020இல் நிறுத்திய கார் இறக்குமதியை 2025இல்தான் திறந்தார்கள். இங்கே ஓடுகிற கார்களில் பலவற்றுக்கு அந்த ரப்பர் வெடித்துக் கிடக்கிற வயது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் ரயரே காரணமாக இருக்கலாம். முன் ரயர் இரண்டையும் இடம் வலம் மாற்றி ஓடுங்கள். இழுவை வலப்பக்கம் மாறினால் குற்றவாளி ரயர். எந்த மெசினாலும் அதைத் திருத்த முடியாது. ஆனால் ரயரின் பக்கவாட்டில் ஓடும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் இப்படி மாற்றக் கூடாது, அம்பு பின்னோக்கிப் போய்விடும். அம்பு இல்லாமல் 'வெளிப்பக்கம்' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மாற்றலாம், அந்தப் பக்கம் வெளியே நின்றால் சரி. இரண்டையும் போட்டுக் குழப்பி, மாற்றவே கூடாது என்று புது ரயர் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

விற்கிறவர்கள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பாட்ஸ் கடைக்குக் கூடவே வருகிற 'தெரிந்த ஆள்' உங்களுக்காக வருவதில்லை, கொமிசனுக்காக வருகிறார். 'ஜப்பானில் கழற்றினது' என்று அவர் தூக்கித் தருகிற லோவர் ஆமின் ரப்பருக்கும் உங்கள் காரின் வயதுதான். எதை மாற்றச் சொன்னாலும் ஆட்டத்தை உங்கள் கையால் பிடித்துப் பார்த்த பிறகே காசை எடுங்கள்.

வருடா வருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். சொந்தக் காரின் போல் ஜொயின்ற் கழரப் போகிறதா என்று கேட்க ஒரு நாதியில்லை. புகையால் கார் மதகுக்குள் பாய்வதில்லையே!

பழுதானதை மாற்றியபின் அலைன்மென்ற் கட்டாயம். திருத்துமுன் எடுத்த தாளையும் பிந்தியதையும் சேர்த்து வாங்குங்கள். கார் மேடையால் இறங்குமுன் வைத்த அளவு மாறாமல் பிடிக்கும் ரை றொட்டின் லொக் நட்டை இறுக்கிவிட்டார்களா என்று குனிந்து பாருங்கள்.