செவ்வாயில் வாழை குலை தள்ளுமா?

நாகர்கோவிலில் ஒரு பள்ளியில், வேற்றுக் கோள்களில் மனிதர் குடியேறுவது பற்றிப் பேசினேன். அதன்பிறகு மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ராக்கெட்டைப் பற்றிக் கேட்டவர்களைவிடச் சோறு, தண்ணீர், மூச்சு பற்றிக் கேட்டவர்களே அதிகம். சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள்.

மாணவி, தக்கலை: நான் பாட்டியாவதற்குள் செவ்வாயில் ஊர் வந்துவிடுமா?

நிலையம் வரலாம், ஊர் வராது என்பது என் கணிப்பு. அண்டார்க்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி நிலையம் 1989 முதல் இயங்குகிறது. அங்கே மூச்சுவிடக் காற்றும், பக்கத்திலேயே ஏரித் தண்ணீரும் உண்டு. அப்படியிருந்தும் உணவும் எரிபொருளும் கப்பலில்தான் போகின்றன. ஆட்கள் முறைவைத்துப் போய்த் திரும்புகிறார்கள். செவ்வாயில் இதுவரை தரையிறங்கியவற்றில் மிகக் கனமானது 2021-இல் இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தி. அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். நான்கு பேர் தங்கும் கூடத்துக்கே அதைப்போல் பல மடங்கு எடையை இறக்கியாக வேண்டும்.

வாழை விவசாயி, திருவட்டாறு: அங்கே மண் இருக்கிறதே, வாழை வைத்தால் குலை தள்ளாதா?

ஐயா, அங்கே இருப்பதை நீங்கள் மண் என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். மட்கு இல்லை, மண்புழு இல்லை, பொடித்த பாறைதான். போதாததற்குப் பெர்குளோரேட் என்ற உப்பும் கலந்திருக்கிறது. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் இதைக் கண்டறிந்தது. தைராய்டைக் கெடுக்கும் உப்பு இது. தண்ணீர்விட்டுக் கழுவி எடுக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பனிக்கட்டியைத் தோண்டி உருக்க வேண்டும். வெயிலும் நமக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

கழுவிய மண்ணில், காற்று அடைத்த கூடத்துக்குள், விளக்கு வெளிச்சத்தில் வாழை வளரலாம். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1991-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர்-2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டு தங்கினார்கள். மூன்று ஏக்கருக்குச் சற்றே அதிகமான இடம். வாழையும் சர்க்கரைவள்ளியும் பீட்ரூட்டும் அவர்களே பயிரிட்டார்கள். வாழை நன்றாகவே காய்த்தது. ஆனால் கூடத்தின் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. படியேறவே மூச்சு வாங்கியது. காரணம் தொழுவுரம் நிறைந்த வளமான மண். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டு கரியமில வாயுவை வெளிவிட்டன. அந்த வாயுவைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. செடிகளுக்குப் போயிருந்தால் ஆக்சிஜனாகத் திரும்பியிருக்கும், சுவருக்குள் போனது திரும்பவில்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. செவ்வாயில் ஆக்சிஜன் லாரி எங்கிருந்து வரும்? குடியேற்றம் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

வாசகி, மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரை மணலிலேயே கதிர்வீச்சு இருக்கிறது. செவ்வாய்க் கதிர்வீச்சு அதைவிட மோசமா?

ஆம். உங்கள் கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, கதிர்வீச்சு தரையிலிருந்து வருகிறது. செவ்வாயில் அது வானிலிருந்து வருகிறது. பூமியைப் போலக் காந்தப்புலமும் அடர்ந்த காற்றும் இல்லாததால் விண்கதிர்கள் நேரே தரைக்கு இறங்கிவிடுகின்றன. கியூரியாசிட்டி ஊர்தி அளந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.67 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பூமியில் சராசரி மனிதர் இயற்கையாகப் பெறுவது ஆண்டுக்கே 2.4 மில்லிசீவர்ட்தான். அங்கே வீடு என்றால் கூரைமேல் இரண்டு மூன்று மீட்டர் மண் மூடியிருக்க வேண்டும், அல்லது குகைக்குள் இருக்க வேண்டும். படங்களில் காட்டும் கண்ணாடிக் குவிமாடங்களை நம்பாதீர்கள்.

ஆரல்வாய்மொழி: புழுதிப்புயல் அடிக்கும் செவ்வாயில் காற்றாலை வைத்தால் மின்சாரம் கிடைக்குமே?

மிகக் கொஞ்சம். காற்றின் அடர்த்தி நம்முடையதில் அறுபதில் ஒரு பங்குதான். முப்பந்தலில் சுழலும் அதே விசிறி, அதே வேகக் காற்றில், அறுபதில் ஒரு பங்கு மின்சாரமே தரும். சூரியத் தகடுகளையும் முழுதாக நம்ப முடியாது. 2018-இல் வந்த பெரும் புழுதிப்புயலில்தான் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி வெளிச்சம் கிடைக்காமல் ஓய்ந்தது. சிறிய அணு உலைதான் வழி.

மீனவர், தூத்தூர்: அரிசி, தண்ணீர், டீசல் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் கிடக்கிறோம். அதேபோலச் செவ்வாய்க்கும் ஏற்றிக்கொண்டு போக முடியாதா?

வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். போய்த் தங்கித் திரும்பக் கிட்டத்தட்ட ஆயிரம் நாள். ஓர் ஆளுக்கு நாளைக்கு 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நால்வருக்கு அது மட்டுமே மூன்று டன்னைத் தாண்டும். அங்கேயே தயாரிக்கலாம்தான். பெர்சவரன்ஸில் இருந்த மாக்சி கருவி செவ்வாய்க் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துக் காட்டியது. 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கித் தந்தது மொத்தம் 122 கிராம். ஓர் ஆள் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடலாம். வழி சரியென்று காட்டியதற்காக அந்தச் சிறு கருவியை நான் மனதாரப் போற்றுகிறேன். தண்ணீரிலும் முன்னேற்றம் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை உட்பட 98 சதவீதத்தை மீட்டுவிடுகிறார்கள்.

ஆனால் நடுக்கடலில் உங்கள் எஞ்சின் நின்றால் பக்கத்துப் படகு கயிறு போட்டு இழுத்துவரும். செவ்வாய்க்கோ 26 மாதத்துக்கு ஒருமுறைதான் பூமியிலிருந்து கலம் கிளம்பத் தோதான காலம் வருகிறது. வானொலியில் ஒரு சொல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். தகவல் எட்டாத தூரத்தில் ஆட்கள் இருப்பது என்ன என்பதை 2017 ஒக்கிப் புயலில் உங்கள் ஊர் அனுபவித்திருக்கிறது, நான் விளக்க வேண்டியதில்லை. பழுதான வால்வை அங்கேயே வார்த்து, கடைந்து, மாட்டத் தெரிந்தவர்கள்தான் அங்கே தங்க முடியும்.

குளச்சல்: பக்கத்துக் கோள் வெள்ளிதானே, அங்கே போகலாமே?

தரையில் 460 டிகிரி வெப்பம், நம்மைப்போல் 90 மடங்குக்கு மேல் காற்றழுத்தம். ஈயம் உருகிவிடும். முடியாது.