அந்த ஈரக் குடை என்ன ஆயிற்று?

கேள்வி: லட்சக்கணக்கில் விற்ற ஒரு திரில்லர் நாவலைப் படித்தேன். 20-ஆவது மாடியில் நான்கு பேர் லிஃப்டில் ஏறுகிறார்கள். நடுவில் எங்கும் நிற்காமல் கீழே வந்து கதவு திறந்தால் மூன்று பேர்தான். ஏறியதே மூன்று பேர்தான் என்று மூவரும் சாதிக்கிறார்கள். அபாரமான ஆரம்பம், முடிவோ சப்பென்று இருந்தது. "300 பக்கம் விறுவிறுவென்று போனதே, அது போதாதா?" என்கிறாள் தோழி. போதுமா?

பதில்: போதாது. தோழி சொல்வது வேறு வகை நாவலுக்குப் பொருந்தும். ஒரு குடும்பக் கதையின் முடிவு தொய்ந்தாலும் அதுவரை பழகிய மனிதர்கள் நம்மோடு இருப்பார்கள். மர்மக் கதையில் நம்மைத் தூங்கவிடாமல் பக்கம் புரட்டவைப்பது, ஆசிரியர் போட்டுவைத்த முடிச்சு. அதை அவிழ்க்கத் தெரியவில்லை என்றால் அந்த 300 பக்கமும் சேர்ந்தே சரிகிறது.

நானும் அதைப் படித்தேன். முதல் அத்தியாயத்தில் லிஃப்டின் தரையில் ஓர் ஈரக் குடை கிடக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? அன்று மழையே இல்லை. யாருடைய குடை, எங்கே நனைந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் விடியும்வரை படித்தேன். முடித்த கையோடு முதலிலிருந்து மறுபடி புரட்டித் தேடினேன். 40-ஆம் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் அதைப் பையில் போட்டு எடுத்துப்போகிறார். அதோடு சரி, குடையைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், அதுவரை பெயர்கூட வராத ஒருவர் திடுதிப்பென்று வந்து நாலு பக்கம் வாக்குமூலம் கொடுக்கிறார், கதை முடிந்துவிடுகிறது.

துப்பறியும் கதைக்கு ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. மற்றவற்றில் சில இன்று செல்லாது, இது செல்லும். 1926-ல் வந்த அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலை, குற்றவாளி யாரென்று தெரிந்த பிறகு இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் தடவை சாதாரணமாகக் கடந்துபோன வரிகள் இப்போது திடுக்கிட வைக்கும். எல்லாம் நம் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. இந்த லிஃப்ட் நாவலை உங்கள் தோழி இரண்டாம் முறை எடுப்பாரா, கேளுங்கள்.

முடிவு தெரியாமல் எழுதத் தொடங்குவதைக் குறை சொல்லமாட்டேன். ஸ்டீபன் கிங் கதைத்திட்டம் போட்டு எழுதுகிறவர் இல்லை. எழுத்துக் கலை பற்றி 2000-ல் வந்த தன் 'ஆன் ரைட்டிங்' நூலில் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் முடிவு பிடிபட்ட பிறகு ஆசிரியர் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து அந்தக் குடைக்கு ஒரு வழி பண்ண வேண்டும். வழியே கிடைக்காவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் குடையை எடுத்துவிட வேண்டும். இந்த உழைப்புதான் இங்கே நடக்கவில்லை. அதை வற்புறுத்திக் கேட்க வேண்டிய பதிப்பாசிரியரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணமும் உண்டு. லிஃப்டில் காணாமல்போன ஆளைப் பின்னட்டையில் நாலு வரியில் சொல்லி விற்றுவிடலாம். முடிவை அங்கே அச்சிட முடியாது, மதிப்புரையிலும் உடைக்கக் கூடாது. முடிவு மோசம் என்ற பேச்சு பரவுவதற்குள் விற்பனை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. முடிவு இன்னதென்று சொல்லாமலேயே, 'போட்ட முடிச்சு அவிழவில்லை' என்று மதிப்புரையில் ஒரு வரி எழுதலாம். நாங்களும் இதுவரை எழுதியதில்லை. அடுத்த இதழிலிருந்து எழுதுவோம்.