கணக்கு விரிவுரையாளர் வேலை: சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகள்

கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து 22 வருடம் ஆகிறது. போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் படிவம் ஐந்து பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொன்னேன். இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

கேள்வி: சார், இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?

படிவம் ஐந்து இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கூடுதல் கணிதத்தை விட்டுவிடாதே தம்பி. அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு கணிதப் பட்டம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தோடு ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்தே கிடைக்கும். தனியார் கல்லூரியில் பட்ட வகுப்பு எடுக்க முதுகலை கேட்பார்கள்.

கேள்வி: ஐயா, என் மகள் தமிழ்ப்பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்தவள். இப்போது கூடுதல் கணிதத்தில் தேறவே இல்லை. மூளை மழுங்கிவிட்டதா?

அப்படிச் சொல்லாதீங்கம்மா, அவள் காதுபட ஒருநாளும் சொல்ல வேண்டாம். ஆறு வருடம் ‘பின்னம்’ என்று படித்தவளுக்கு இடைநிலைப்பள்ளியில் அதே மலாயில் ‘பெச்சாஹான்’. மெட்ரிகுலேஷன் போனால் ஆங்கிலத்தில் ‘ஃபிராக்‌ஷன்’. கணக்கு அப்படியேதான் இருக்கிறது, கேள்வியின் மொழிதான் மாறிக்கொண்டே போகிறது.

என் மாணவி ஒருத்தி நிகழ்தகவில் முட்டை முட்டையாக வாங்கினாள். தாளை எடுத்துப் பார்த்தேன். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. ‘அட் லீஸ்ட் டூ’ என்று கேட்ட இடத்தில் எல்லாம் சரியாக இரண்டுக்கு மட்டும் விடை எழுதியிருந்தாள். ‘குறைந்தது இரண்டு’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொன்னேன். “அப்போ மூன்று, நான்கையும் சேர்க்கணுமா சார்?” என்று அவளே கேட்டாள். அன்றிலிருந்து என் வகுப்பில் யாரும் கேள்வியைத் தங்கள் மொழியில் எழுதாமல் கணக்கைத் தொடுவதில்லை.

வீட்டில், “கேள்வி என்ன கேட்குது, தமிழில் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

கேள்வி: நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பையன் படிக்கிற சைன், கோசைன் எல்லாம் எதற்கு?

அண்ணே, நீங்கள் தினமும் அதற்குள்ளேதான் நடக்கிறீர்கள். 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஹெக்டருக்கு சுமார் 123 மரம். அதே 9 மீட்டரில் சமபக்க முக்கோணமாக நட்டால் ஏறக்குறைய 142. மரத்துக்கு மரம் தூரம் குறையவில்லை. வரிசைகள்தான் 7.8 மீட்டருக்கு நெருங்கி வருகின்றன. 9-ஐ சைன் 60 பாகையால் பெருக்கினால் அந்த 7.8 வரும். வெண்பலகையில் புள்ளி வைத்து இதைக் காட்டியபோது, “அதான் குறுக்கே பார்த்தாலும் வரிசை நேரா தெரியுதா!” என்று முதலில் சொன்னவன் ஒரு தோட்டத்துப் பையன்.

கேள்வி: வேலை அதிகமா?

வகுப்பு பாதி. தாள் திருத்துவது, கூட்டம், அறிக்கை எல்லாம் மீதி. திருத்துவதில்தான் பிள்ளைகளைத் தெரிந்துகொள்கிறோம், அதனால் அதை நான் சுமையாக நினைப்பதில்லை.

கேள்வி: பலகையில் தப்புப் போட்டுவிட்டால், சார்?

ஒருமுறை இன்டெக்ரேஷன் (தொகையிடல்) கணக்கின் முடிவில் சேர்க்க வேண்டிய ‘சி’ என்ற மாறிலியை எழுத மறந்தேன். எப்போதும் பேசாத பின்வரிசைப் பையன் மெதுவாகக் கை தூக்கினான். மார்க்கரை அவனிடமே கொடுத்தேன். வந்து ‘சி’ எழுதினான், அப்புறம் அடுத்த கணக்கையும் அவனே போட்டான்.