துலிப்பும் தக்காளியும் ஒரே ஃபிரிட்ஜில் வேண்டாம்

கேள்வி: குட்டை ரகக் காட்டுத் துலிப் கிழங்குகள் பத்து வாங்கி, ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் ஆறு வாரம் வைத்து, நவம்பர் தொடக்கத்தில் மாடித் தொட்டியில் நட்டேன். சிலவற்றில் ஒரே ஒரு இலை. மற்றவற்றில் மொட்டு வந்து காகிதம்போலக் காய்ந்துவிட்டது. ஏன்?
– வாசகி, ஆர்.கே. புரம், புதுதில்லி

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. ஒற்றை அகல இலையோடு நின்றால் கிழங்கு பூக்கும் பருவத்தை எட்டவில்லை என்று பொருள். உரம் போட்டுப் பயனில்லை. வாங்கும்போதே சுற்றளவு 5 செ.மீ.க்குக் குறையாமல், அழுத்தினால் கல்போல இருப்பதாகப் பாருங்கள். புளித்த வாடை அடித்தால் அது அழுகல். அந்தக் கிழங்கை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது.

மொட்டு கருகியதற்குக் காய்கறித் தட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி எல்லாம் எத்திலீன் வாயுவை விடும். கிழங்குக்குள் தூங்கும் பூமொட்டு அதிலேயே செத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பழம் வைக்காத ஃபிரிட்ஜில், காற்றுப் போகும் காகிதப் பையில், 5 டிகிரி அளவில் 10 முதல் 12 வாரம் வையுங்கள். ஃபிரீசர் வேண்டவே வேண்டாம். ஆறு வாரம் போதாது; தில்லிக் குளிரை நம்பியும் குறைக்காதீர்கள், பகல் வெயில் அதைக் கெடுத்துவிடும்.

செப்டம்பர் கடைசியில் உள்ளே வைத்தால் டிசம்பர் நடுவில் நடலாம். நவம்பர் மண் இன்னும் சூடு. எட்டு அங்குல மண்தொட்டியில் ஏழு கிழங்கு, கூர்முனை மேலே, தலைக்கு மேல் மூன்று அங்குல மண். கலவையில் பாதிக்குப் பாதி பதர்பூர் மணல் (பருமணல்) போடுங்கள், மெல்லிய யமுனை மணல் இறுகிப்போகும். நட்டதும் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, பிறகு மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தால் மட்டும் தண்ணீர். மொட்டு தெரிந்தபின் மட்டும் மண்ணைக் காயவிடக் கூடாது. மேகமூட்டத்தில் இதழ் விரியாது, அது நோயல்ல.

கேள்வி: எந்த ரகம்? அடுத்த வருடமும் பூக்குமா?
– வாசகர், மயூர் விகார்

பதில்: ஈரான் முதல் மேற்கு இமயமலை வரை வளரும் க்ளூசியானாவை எடுங்கள். வெளி இதழில் சிவப்பு, உள்ளே வெள்ளை. குளிரும் குறைவாகவே கேட்கும். டார்டா இதைவிடக் குட்டை, ஆனால் குளிர் கூடுதலாக வேண்டும். மறுவருடப் பூ, இலை பச்சையாக நிற்கும் நாட்களைப் பொறுத்தது. ஏப்ரல் வெயில் அதைச் சுருக்கிவிடுகிறது, அதனால் பாதி தேறினாலே லாபம். இலை மஞ்சளானதும் தோண்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, வலைப்பையில் தொங்கவிடுங்கள். தொட்டியிலேயே விட்டால் ஜூலை மழையில் அழுகிவிடும்.