கேளுங்கள், சொல்கிறேன்: கீழே கடை, மேலே வீடு, ஒரே மீட்டர்

கேள்வி: அண்ணா, கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் நானும் கணவரும் ஒரு சாப்பாட்டுக் கடை எடுத்திருக்கிறோம். குடியிருப்பது மேல் மாடியில். இரண்டுக்கும் ஒரே கரண்ட் மீட்டர். பில்லில் 20 சதவீதம் வாட் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு 5 சதவீதம்தானாம். இதற்கிடையில், “இன்றைக்கே சம்மதித்தால் மலிவு விலை” என்று ஒருவர் தினமும் போன் எடுக்கிறார். சரி சொல்லலாமா?
– ஒரு வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: முதலில் அந்தப் போன். சொல்லாதீர்கள், தங்கச்சி. வீட்டு இணைப்பு என்றால் ஒப்பந்தம் போட்ட 14 நாளுக்குள் வேண்டாமென்று விலகலாம். கடைக்கு அப்படிச் சட்டம் கிடையாது. போனில் நீங்கள் சொல்லும் “சரி”யே ஒப்பந்தம், பதிவும் அவர்கள் கையில். இப்படிப் போன் எடுப்பவர் பெரும்பாலும் மின் நிறுவனத்து ஆள் அல்ல, தரகர். அவருடைய கமிஷன் யூனிட் விலைக்குள்ளேயே இருக்கும். “யூனிட்டுக்கு உங்களுக்கு எத்தனை பென்ஸ்? எழுத்தில் அனுப்புங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். நான் டூட்டிங்கில் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில் இதைக் கேட்டதும் போனை வைத்தவர்கள்தான் அதிகம்.

அதற்காகச் சும்மாவும் இருக்க வேண்டாம். ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் கரண்ட் எரித்தால், ஏற்கெனவே அந்தக் கடைக்குக் கரண்ட் கொடுக்கும் நிறுவனம் ‘டீம்ட்’ விலையில் பில் அனுப்பும். அது பொதுவாகக் கூடின விலை. நீங்களே நாலு இடத்தில் விலை கேட்டுச் சீக்கிரம் ஒன்றை முடியுங்கள். மின்சார, காஸ் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கும் உச்ச விலை வீடுகளுக்கு மட்டுமே. செய்தியில் “கட்டணம் குறைகிறது” என்று கேட்டுச் சந்தோஷப்பட்டு, உங்கள் பில்லில் தேடாதீர்கள்.

இனி வாட். இங்கேதான் நம் ஆட்கள் பலர் காசை விடுகிறார்கள். ஒரே மீட்டரில் 60 சதவீதமோ அதற்கு மேலோ குடியிருப்புக்குப் போனால், முழு பில்லுக்கும் 5 சதவீதம்தான். உங்கள் கடையில் கிரைண்டரும் குளிர்பெட்டியும் ஓடுவதால் அந்த அளவு வராது. பரவாயில்லை, மாடிக்குப் போகும் பங்குக்கு மட்டும் 5 சதவீதம் கேட்கலாம். வாட் சேராமல் பில் 600 பவுண்ட், அதில் மாடியின் பங்கு 200 என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 30 பவுண்ட். பில்லில் ‘கிளைமேட் சேஞ்ச் லெவி’ என்று, கடை, தொழில்கள் எரிக்கும் கரண்டுக்கான ஒரு வரியும் இருக்கும். மாடியின் பங்குக்கு அதுவும் கிடையாது. தானாக யாரும் தரமாட்டார்கள். மின் நிறுவனத்திடம் வாட் டிக்ளரேஷன் படிவம் வாங்கி, பங்கை எழுதிக் கொடுக்க வேண்டும். பங்கை ஊகித்து எழுதாமல், மாடிக்கு ஒரு சப்-மீட்டர் போட்டுவிடுங்கள். நாளை யாராவது கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டுமே.

கேள்வி: லெஸ்டரில் படிக்கும் என் மகன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்தும், கார்டு மீட்டரில் போட்ட பணம் குறைந்திருக்கிறதாம். யாரோ திருடுகிறார்களா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: திருட்டு இல்லை, அம்மா. அது ‘ஸ்டாண்டிங் சார்ஜ்’. ஒரு விளக்குப் போடாவிட்டாலும் நாள்தோறும் பிடிப்பார்கள். கரண்டுக்குத் தனி, காஸுக்குத் தனி. அடுத்த முறை இரண்டு மீட்டரிலும் கொஞ்சம் பணம் போட்டு வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஹீட்டரையும் குளிர்காலத்தில் முழுக்க அணைக்க வேண்டாம், குறைத்து வைத்தால் போதும். குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்தக் கார்டு மின் நிறுவனம் கொடுத்ததா, வீட்டுக்காரர் கொடுத்ததா? வீட்டுக்காரர் தன் மீட்டரிலிருந்து பிரித்து விற்கிறார் என்றால், தான் வாங்கிய விலைக்கு மேல் ஒரு பென்னிகூட வைக்கக் கூடாது. அவருடைய பில்லைக் காட்டும்படி மகன் தாராளமாகக் கேட்கலாம்.