வெளியூருக்கு வீடு மாறும்போது எதை முதலில் கவனிப்பது?

சென்னையிலிருந்து கோவைக்குக் குடிபோகிறோம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டை கட்டுவதற்கு முன்பே கேஸ் இணைப்பைப் பாருங்கள். வேறு ஊர் என்பதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டும். டெபாசிட்டைத் திருப்பித் தந்து ஒரு மாற்றுச் சீட்டும் கொடுப்பார்கள். அதைக் காட்டித்தான் அங்கே இணைப்பு வாங்க முடியும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் கரைந்ததும் துடைத்து, நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும். இறக்கிய பிறகும் சில மணி நேரம் கழித்தே சுவிட்சைப் போடுங்கள்.

அப்புறம், பால் காய்ச்சும் பாத்திரம், விளக்கு, தீப்பெட்டி, சர்க்கரை எல்லாம் உங்கள் கைப்பையிலேயே வரட்டும், லாரியை நம்ப வேண்டாம். சாவி கொடுக்கும் முன் கரண்ட் மீட்டரை ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸில் கழிக்கும்போது பேச்சு வராது.